சட்டம் கேளுங்கள்: கம்பிக்குள்ளிருந்து போடும் வழக்குக்கு யார் காசு கட்டுவது?

சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் அமெரிக்கச் சிறைவாசிகள் போடும் சிவில் வழக்குகளைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் நம்மூரிலிருந்தும் கேள்விகள் வந்துவிட்டன, பெரும்பாலும் கோர்ட் கட்டணத்தைப் பற்றியே. அதனால் இந்த முறை வாடகை, பட்டா, ஜீவனாம்சம் எல்லாம் ஓய்வெடுக்கட்டும். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி: என் அக்கா மகன் நியூ ஜெர்சியில் மாநிலச் சிறையில் இருக்கிறான். சர்க்கரை நோய்க்கு ஒழுங்காக மருந்து தருவதில்லை என்று தன் கையாலேயே எழுதி ஃபெடரல் கோர்ட்டில் (மத்திய அரசின் கோர்ட்) வழக்குப் போட்டிருக்கிறான். கட்டணம் கட்ட வசதியில்லை என்று மனுக் கொடுத்தான், கோர்ட்டும் அனுமதித்தது. ஆனால் நான் மாதாமாதம் அனுப்பும் 50 டாலரில் 10 டாலரைக் கோர்ட்டுக்கு என்று பிடித்துக்கொள்கிறார்கள். வசதியில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகு ஏன் பிடிக்கிறார்கள்? வழக்குப் போட்டதற்குப் பழிவாங்குகிறார்களா? (எடிசன் வாசகி)

பதில்: பழிவாங்கல் இல்லை அம்மா, சட்டமே அப்படித்தான் இருக்கிறது. உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் சிறைக் குமாஸ்தா மேல் காட்டிப் பயனில்லை.

ஏழைக்குக் கட்டணம் இல்லாமல் ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட வழி செய்யும் சட்டம் அமெரிக்காவில் 1892-லிருந்து இருக்கிறது. வெளியே இருக்கும் ஒருவர் வேலையில்லை, சேமிப்பில்லை என்று பிரமாணம் கொடுத்து நீதிபதியும் ஏற்றுக்கொண்டால் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, அதோடு விஷயம் முடிந்தது. சிறைவாசிக்கும் அதே வழிதான் இருந்தது. 1996 ஏப்ரல் 26-ஆம் தேதி அதிபர் கிளின்டன் கையெழுத்துப் போட்ட ஒரு பெரிய பட்ஜெட் மசோதாவுக்குள் சிறைவாசிகள் வழக்குச் சீர்திருத்தச் சட்டம் என்ற ஒன்றையும் செருகிவிட்டார்கள். அன்றிலிருந்து சிறையில் இருப்பவருக்கு மட்டும் 'வசதியில்லை' என்ற அனுமதியின் பொருள் வேறு. தள்ளுபடி கிடையாது, தவணை உண்டு, அவ்வளவுதான். இன்றைக்கு அந்த முழுத் தொகை 350 டாலர். அதைக் கட்டித் தீர்த்தே ஆக வேண்டும்.

கணக்கு எப்படி என்றால், வழக்குப் போடுவதற்கு முந்தைய ஆறு மாதத்துக்கான சிறைக் கணக்கின் நகலைச் சிறை அதிகாரி சான்றளித்து மனுவோடு சேர்த்து அனுப்ப வேண்டும். எந்தத் தேதியில் யார் எவ்வளவு போட்டார்கள், சிறைக் கடையில் நூடுல்ஸ் பாக்கெட்டுக்கு எவ்வளவு, சோப்புக்கு எவ்வளவு, தபால்தலைக்கு எவ்வளவு, மாதக் கடைசியில் மிச்சம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த ஆறு மாதத்தில் சராசரியாக மாதம் வந்த தொகை, சராசரியாக மாதம் இருந்த இருப்பு, இரண்டில் எது அதிகமோ அதில் 20 சதவீதம் முதல் தவணை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அதற்கு முந்தைய மாதம் கணக்கில் வந்ததில் 20 சதவீதம், கணக்கில் 10 டாலருக்கு மேல் இருக்கும்போதெல்லாம் சிறையே எடுத்துக் கோர்ட்டுக்கு அனுப்பிவிடும். அவன் உழைத்துச் சம்பாதித்ததா, சித்தி அனுப்பியதா என்ற பேதமெல்லாம் கிடையாது, கணக்கில் விழுந்தால் அது வருமானம்.

நீங்கள் மாதம் 50 அனுப்புகிறீர்கள், வேறு வரவு இல்லை என்று வைத்துக்கொண்டால் முதல் தவணை 10, மீதி 340-க்கு மாதம் 10 வீதம் 34 மாதம். கிட்டத்தட்ட மூன்று வருஷம் கட்டுவது நீங்கள்தான். உங்களைப் போல அனுப்ப ஆளில்லாத, சிறைக்குள் கூட்டிப் பெருக்கி மாதம் 15 டாலர் வாங்கும் ஒருவனை நினைத்துப் பாருங்கள், மாதம் 3 டாலர் வீதம் அவன் கட்டி முடிக்க ஒன்பதரை வருஷத்துக்கு மேல் ஆகும். ஃபெடரல் சிறைகளில் சாதாரண வேலைக்கு மணிக்கு 12-லிருந்து 40 சென்ட் வரை என்பது பல காலமாக இருக்கும் கூலி, அந்தக் கூலியில் 350 டாலர் என்பது எத்தனை மணி நேரம் என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு யோசனை உங்களுக்கு வரலாம்: மாதாமாதம் இழுப்பதற்குப் பதில் நானே மொத்தமாகக் கட்டிவிட்டால் என்ன? இப்போது வேண்டாம், புதிதாகப் போடுபவர்களுக்கும் நான் அதைச் சொல்ல மாட்டேன். வசதியில்லை என்ற அனுமதியோடு போனால் 350 மட்டும், முன்பணமாக முழுக்கக் கட்டினால் நிர்வாகக் கட்டணம் 55 டாலரும் சேர்த்து 405. அதைவிடப் பெரிய வித்தியாசம், அனுமதியோடு வந்தவருக்காக எதிர்த்தரப்புக்குச் சம்மன் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைக் கோர்ட் உத்தரவின் பேரில் ஃபெடரல் மார்ஷல்கள் என்ற அரசு அதிகாரிகளே செய்வார்கள். காசு கட்டி வந்தவர் அதைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். சிறைக்குள் இருந்துகொண்டு ஒரு டாக்டருக்கும் இரண்டு நர்ஸுக்கும் சம்மன் கொண்டுபோய்ச் சேர்ப்பதை யோசித்துப் பாருங்கள், அந்த ஒன்றுக்காகவே தவணை தேவலாம்.

கையில் ஒன்றுமே இல்லாதவனை என்ன செய்வார்கள் என்றால், அவனைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. முதல் தவணை கட்டக் காசில்லை என்பதற்காக வழக்கை மறுக்க முடியாது. ஆனால் கடன் அவன் பேரில் நிற்கும், என்றைக்குப் பணம் வருகிறதோ அன்றைக்குப் பிடிப்பார்கள்.

என் கருத்தைக் கேட்டால், இந்தக் கட்டணத்தால் கஜானா நிரம்பப் போவதில்லை. யோசித்துப் போடு என்று மிரட்டுவதற்காக வைத்தது இது. வேலையில்லாமல் தெருவில் நிற்பவன் அதே டாக்டர் மேல் அதே புகாரோடு வந்தால் பூஜ்யம், உள்ளே இருப்பவன் வந்தால் 350. உள்ளே இருப்பவன் என்றால் தண்டனை பெற்றவன் மட்டும் இல்லை, குற்றம் சாட்டப்பட்டு ஜாமீன் கட்ட முடியாமல் விசாரணைக்குக் காத்திருப்பவனும் இந்தச் சட்டப்படி 'சிறைவாசி'தான்.

கேள்வி: வழக்கு முதல் பார்வையிலேயே தள்ளுபடியானால் பிடித்த பணம் திரும்ப வருமா? ஜெயித்தால்? (டாலஸ் வாசகர்)

பதில்: தள்ளுபடியானால் வராது. பிடித்தது போனது மட்டுமில்லை, மிச்சத் தவணையும் தொடர்ந்து பிடிப்பார்கள், செத்துப்போன வழக்குக்கு மூன்று வருஷம் தவணை கட்டுபவர்கள் உண்டு. ஜெயித்தால் செலவுத் தொகையோடு சேர்த்து எதிர்த்தரப்பிடமிருந்து கேட்டு வாங்கலாம்.

இதில் நிறையப் பேர் விழும் குழி ஒன்று இருக்கிறது. சிறை நிலைமை பற்றி ஃபெடரல் கோர்ட்டுக்குப் போவதற்கு முன் சிறைக்குள்ளேயே இருக்கும் புகார் முறையை, மேல்முறையீட்டுப் படிகள் உட்பட, கடைசி வரை ஏறி முடித்திருக்க வேண்டும். அதுவும் அவர்கள் வைத்திருக்கும் கெடுவுக்குள். சில சிறைகளில் அந்தக் கெடு சில நாட்கள்தான். கெடு தவறினால் படி ஏறாதது மாதிரியே என்று 2006-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படி ஏறாமல் போட்ட வழக்கு தள்ளுபடியாகும், 350 மட்டும் கடனாக நிற்கும். ஆகவே முதலில் புகார்ப் படிவம், அதன் நகல், அதற்கு வந்த பதில், எல்லாம் கையில் இருக்கட்டும். கோர்ட் பிறகு.

கேள்வி: எங்கள் உறவினர் ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வழக்கும் ஒரு அப்பீலும் நடக்கின்றன. மூன்றுக்கும் சேர்த்து 20 சதவீதமா, தனித்தனியா? (ஹூஸ்டன் வாசகர்)

பதில்: தனித்தனி. மூன்று என்றால் 60 சதவீதம். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது என்று வரிசை கட்டிப் பிடிக்க வேண்டும் என்று வாதாடிப் பார்த்தார்கள், புரூஸ் எதிர் சாமுவேல்ஸ் வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒன்பது பேரும் ஒரே குரலில் மறுத்துவிட்டது. தீர்ப்பை எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க், ஏழைகள் பக்கம் சாய்பவர் என்று பெயரெடுத்தவர், அவரே சட்டத்தின் வாசகம் இதைத்தான் சொல்கிறது என்றார். ஐந்து வழக்கு நடந்தால் கணக்கில் விழுவது அத்தனையும் கோர்ட்டுக்கு. அதிலும் அப்பீல் கட்டணம் 350 இல்லை, இப்போது 605 டாலர்.

டெக்ஸஸில் சிறை வேலைக்குக் கூலியே கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதாவது அங்கே பிடிபடுவது எல்லாமே வீட்டார் அனுப்பும் காசு. அப்பீலுக்குப் போகுமுன் குடும்பத்தோடு கலந்து பேசச் சொல்லுங்கள், செலவு குடும்பத்துக்கு என்பதால் சொல்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவில் வேர்க்கடலை வெண்ணெய் நொறுநொறுப்பாக வந்துவிட்டது, வழவழப்பாக வரவில்லை என்று ஒரு கைதி அரசாங்கத்தின் மேல் கேஸ் போட்டானாம். வாட்ஸப்பில் வந்தது. இப்படிப்பட்டவர்களுக்குக் கட்டணம் போட்டது சரிதானே சார்? மூன்று வேளை சோறு போட்டு, படுக்க இடமும் கொடுத்து, கேஸ் போடவும் விட வேண்டுமா? (மதுரை வாசகர்)

பதில்: இந்தக் கதைக்கு முப்பது வயதாகிறது சார், வாட்ஸப்புக்கு முன்பே ஊர் சுற்றியது. 1995-ல் மாநில அட்டர்னி ஜெனரல்கள், அதாவது மாநில அரசுகளின் தலைமைச் சட்ட அதிகாரிகள், 'உருப்படாத வழக்குகள்' என்று ஒரு பட்டியல் போட்டுப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்கள், அதில் வேர்க்கடலை வெண்ணெய்தான் நட்சத்திரம். அமெரிக்க செனட்டில் அதைச் சொல்லிச் சொல்லியே இந்தச் சட்டம் நிறைவேறியது.

உண்மையில் நடந்ததை ஒரு நீதிபதியே தோண்டி எடுத்தார். இரண்டாம் சர்க்யூட் அப்பீல் கோர்ட்டின் தலைமை நீதிபதியாக அப்போது இருந்த ஜான் நியூமன், அந்தப் பட்டியலில் இருந்த சில வழக்குகளின் கட்டுகளை எடுத்துப் படித்தார். அந்தக் கைதி சிறைக் கடையில் இரண்டு ஜாடி வெண்ணெய் கேட்டிருந்தார். ஒன்று தவறான ரகமாக வந்தது, காவலர் உடனே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சரியான ஜாடி வருவதற்குள் அந்தக் கைதியை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். ஜாடி வரவே இல்லை, ஆனால் அவர் கணக்கிலிருந்து இரண்டரை டாலர் கழிந்துவிட்டது. அவர் கேட்டது அந்த இரண்டரை டாலரை. நொறுநொறுப்பு பற்றிய வழக்கே இல்லை அது. இரண்டரை டாலருக்கு ஃபெடரல் கோர்ட்டா என்று நீங்கள் கேட்டால் அதற்குப் பதில் சொல்லலாம், வாதாடலாம். ஆனால் கடையில் காசை வாங்கிக்கொண்டு சாமானும் தராமல் காசும் தராவிட்டால் நீங்களும் நானும் சும்மா விடுவோமா? மணிக்கு சில சென்ட் கூலியில் இரண்டரை டாலர் என்பது சில நாள் வேலை.

கோர்ட்டுக்கு வந்ததெல்லாம் முத்து என்றும் நான் சொல்ல மாட்டேன். கைதிகள் எழுதி அனுப்பிய கட்டுகளில் குப்பை நிறைய இருந்தது, ஒவ்வொன்றையும் படித்துத் தள்ள நீதிபதிகளுக்கு நேரம் போனது, அதெல்லாம் உண்மை. 1995-ல் சிறைவாசிகள் ஃபெடரல் கோர்ட்டில் போட்ட சிவில் உரிமை வழக்குகள் சுமார் 40 ஆயிரம், சட்டம் வந்து சில ஆண்டுகளில், 2000-ல், அது 25 ஆயிரம் அளவுக்கு இறங்கியது. அந்தக் காலத்தில் சிறையில் ஆள் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சரி, குப்பை குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். குப்பை மட்டும் குறைந்திருந்தால் மிஞ்சிய வழக்குகளில் ஜெயிப்பவர்கள் விகிதம் ஏறியிருக்க வேண்டும், இல்லையா? இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த சட்டப் பேராசிரியர் மார்கோ ஷ்லாங்கர் கணக்குப் பார்த்தபோது விகிதம் ஏறவில்லை, இறங்கியிருந்தது. கட்டணத்தோடு சேர்ந்து வந்த மற்ற முட்டுக்கட்டைகளும் அதற்குக் காரணம்தான், ஆனால் பதரோடு நெல்லும் போயிருக்கிறது என்பது தெளிவு.

சோறு போடுகிறார்களே என்றீர்கள். மருந்து கொடுக்காததற்கு, காவலர் அடித்ததற்கு, அடிக்கும்போது மற்ற காவலர் வேடிக்கை பார்த்ததற்குத்தான் இவர்கள் பெரும்பாலும் கோர்ட்டுக்குப் போகிறார்கள். சிறைவாசியின் தீவிரமான உடல்நலத் தேவையை வேண்டுமென்றே கண்டுகொள்ளாமல் விடுவது அரசியல் சாசனம் தடுக்கும் கொடுந்தண்டனை என்று 1976-ல் வந்த தீர்ப்பும், டெக்ஸஸ் கைதி ஒருவர் வக்கீல் இல்லாமல் கையால் எழுதிய பிராதிலிருந்து தொடங்கியதுதான். வழக்கில் அவர் தோற்றார், அவர் வாங்கிக் கொடுத்த விதியை வைத்து இன்றும் மற்றவர்கள் வழக்குப் போடுகிறார்கள்.

கேள்வி: 'மூன்று அடி' விதி என்று ஒன்று இருக்கிறதாமே? (சான் ஹோசே வாசகர்)

பதில்: இருக்கிறது. பேஸ்பாலில் மூன்று அடி தவறினால் ஆட்டக்காரர் அவுட், அதைப் பார்த்து வைத்த பெயர். சிறைவாசியாக இருந்து போட்ட வழக்கோ அப்பீலோ அற்பமானது, கெட்ட எண்ணத்தோடு போட்டது, அல்லது சட்டப்படி நிவாரணம் தரத்தக்க புகார் இல்லை என்று மூன்று தடவை தள்ளுபடியானால், நாலாவது வழக்குக்குத் தவணை வசதி போய்விடும், முழுப் பணத்தையும் முன்னாடியே வைக்க வேண்டும். மூன்றாவது காரணத்தில்தான் சங்கடம், ஏனென்றால் வக்கீல் இல்லாதவர் எழுதும் பிராதில் சரியான வார்த்தை விட்டுப்போனாலே அந்தக் காரணம் ஒட்டிக்கொள்ளும். மறுபடி வழக்குப் போடத் தடையில்லை என்று சொல்லித் தள்ளினாலும் அடி அடிதான் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது, அப்பீல் நிலுவையில் இருந்தாலும் எண்ணப்படும் என்று 2015-லேயே சொல்லியாயிற்று.

ஒரே விலக்கு, உடலுக்குக் கடும் தீங்கு நேரும் ஆபத்து கண்முன் நிற்க வேண்டும். எடிசன் வாசகியின் அக்கா மகனைப் போல இன்சுலின் இல்லாமல் இருப்பவர் அதைச் சொல்லிக் கேட்கலாம். போன வருஷம் காவலர் அடித்ததற்கு இந்த விலக்கு பொருந்தாது.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து மெக்சிகோ வழியாகப் போன என் தம்பி அமெரிக்காவில் குடிவரவுத் தடுப்பில் இருக்கிறான். அங்கே அவனை நடத்தும் விதம் பற்றி வழக்குப் போட வேணும் எண்டு சொல்கிறான். அவனுக்கும் இந்த 350 டாலர் தவணை உண்டா? (ஸ்கார்பரோ வாசகி)

பதில்: குடிவரவு விஷயத்துக்காக மட்டும் பிடித்து வைத்திருந்தால் இல்லை. சட்டம் 'சிறைவாசி' என்பதற்குக் கொடுக்கும் விளக்கமே குற்றவியல் சட்டத்தை மீறியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர், தண்டனை பெற்றவர் என்றுதான் போகிறது. விசா இல்லாமல் தடுப்பில் இருப்பது சிவில் காவல், அதனால் அவர்கள் சிறைவாசிகள் அல்ல என்று பல அப்பீல் கோர்ட்டுகள் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. தம்பி வெளியே இருக்கும் ஏழையைப் போலவே மனுக் கொடுக்கலாம், அனுமதித்தால் முழுத் தள்ளுபடி. ஆனால் கோர்ட் குமாஸ்தாக்கள் பழக்கதோஷத்தில் சிறைவாசிப் படிவத்தை அனுப்பி, ஆறு மாதக் கணக்கு எங்கே என்று கேட்பார்கள். நான் குடிவரவுத் தடுப்பில் இருக்கிறேன், என் மேல் குற்ற வழக்கு எதுவும் இல்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எல்லை தாண்டியதற்குக் குற்ற வழக்கும் போட்டிருந்தால் கதை மாறும், அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தடுப்பில் வைத்ததையே எதிர்க்கும் ஆட்கொணர்வு மனு என்றால் கட்டணம் வெறும் 5 டாலர். கட்டணம் மலிவு, வாசல்தான் குறுகிவிட்டது. தம்பி வந்த அதே வழியில் எல்லை தாண்டிய இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில்தான், விரைவு நாடுகடத்தல் உத்தரவை ஆட்கொணர்வு மனுவால் எதிர்க்க முடியாதபடி நாடாளுமன்றம் போட்ட தடை செல்லும் என்று 2020 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் மனு எழுதுமுன் குடிவரவு வக்கீல் ஒருவரிடம் காட்டுவது அவசியம்.

கேள்வி: உள்ளே இருப்பவருக்கு எட்டு மாதத்தில் விடுதலை. வெளியே வந்து போட்டால் கட்டணத்திலிருந்து தப்பலாமா? (அட்லான்டா வாசகர்)

பதில்: தப்பலாம். வெளியே வந்த பிறகு போட்டால் அவர் சிறைவாசி இல்லை, தவணை, மூன்று அடி எதுவும் பொருந்தாது. ஆனால் காலக்கெடுவைப் பாருங்கள். இந்த வகை வழக்குக்கு அந்தந்த மாநிலத்தின் உடற்காய வழக்குக் கெடுதான், ஜார்ஜியாவில் இரண்டு வருஷம். சம்பவம் நடந்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது என்றால் எட்டு மாதம் காத்திருக்க முடியாது. உள்ளிருந்து போடுவதானால் தபால் எப்போது போய்ச் சேர்கிறது என்ற கவலை வேண்டாம், சிறை அதிகாரியிடம் உறையைக் கொடுத்த தேதிதான் தாக்கல் தேதியாகக் கொள்ளப்படும். அந்தத் தேதியை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் வேலூர் மத்திய சிறையில் தண்டனைக் கைதியாக இருக்கிறார். மாமனார் போன பிறகு கொழுந்தனார் வீட்டையும் நிலத்தையும் தன் பேருக்கு மாற்றப் பார்க்கிறார். உள்ளே இருப்பவர் பாகப்பிரிவினை கேஸ் போட முடியுமா? கோர்ட் ஃபீஸே லட்சக்கணக்கில் ஆகும் என்று பயமுறுத்துகிறார்கள். (ராணிப்பேட்டை வாசகி)

பதில்: தாராளமாகப் போடலாம். தண்டனை பெற்றதால் சொத்துரிமை போய்விடாது. வக்காலத்தில் சிறையிலேயே அதிகாரி முன்னிலையில் கையெழுத்துப் போட்டு வாங்குவது வக்கீல்களுக்கு வழக்கமான வேலை.

கட்டணத்தைப் பற்றி உங்களைப் பயமுறுத்துகிறவர்கள் பழைய கணக்கைச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் சொத்து மதிப்பில் ஏழரை சதவீதமாக இருந்த கட்டணத்தை 2017-ல் மூன்று சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். உங்கள் வீட்டுக்காரர் பங்கு 20 லட்சம் என்றால் அன்று ஒன்றரை லட்சம், இன்று 60 ஆயிரம். அதுவும் அவரைச் சொத்திலிருந்து முழுக்க வெளியே தள்ளிவிட்டார்கள் என்று பிராதில் சொன்னால்தான். எல்லோருடைய கூட்டு அனுபவத்தில் இருக்கிறது, பிரித்துத் தரச் சொல்லுங்கள் என்று கேட்டால் மதிப்பைப் பார்க்காமல் சிறிய நிலையான கட்டணம் மட்டுமே. அவர் சிறையில் இருப்பதாலேயே அனுபவம் போய்விட்டது என்று ஆகாது, ஒரு பங்காளி அனுபவிப்பது எல்லாப் பங்காளிகளுக்காகவும் என்பது பழைய சட்டம். நீங்களும் குழந்தைகளும் அந்த வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. இந்த ஒரு பாராவை எப்படி எழுதுகிறார் என்பதில்தான் வக்கீலின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

எந்தக் கட்டணமாக இருந்தாலும் நீங்கள் கட்ட வேண்டியதில்லை என்பதுதான் முக்கியம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச சட்ட உதவி தருகிறது. வக்கீல் மட்டும் இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள், கோர்ட் கட்டணம், சம்மன் படி, நகல் செலவு எல்லாமே அதில் அடங்கும். வழக்கில் முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டும் ஆணைக்குழு பார்க்கும். சிறைக்குள்ளேயே சட்ட உதவி மையம் இருக்கும், அங்கே வரும் வக்கீலிடம் அவர் மனு எழுதிக் கொடுக்கலாம், நீங்கள் மாவட்ட கோர்ட் வளாகத்தில் இருக்கும் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம், 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். பெண் என்ற முறையில் அதே பிரிவின் கீழ் உங்களுக்கும் தனியாக உதவி உண்டு.

வக்கீல் யாராவது 'பாப்பர் ஓ.பி. போடலாம்' என்றால் அது வேறு வழி. சிவில் நடைமுறைச் சட்டம் 33-ஆவது கட்டளைப்படி வறியவர் என்று மனுப் போட்டு, கோர்ட் விசாரித்து, அரசு வக்கீல் ஆட்சேபித்து, அனுமதி வாங்கவே மாதக்கணக்கில் ஆகும். அதிலும் கட்டணம் முழுக்க மன்னிக்கப்படுவதில்லை, ஜெயித்தால் கிடைக்கும் சொத்திலிருந்து அரசு முதலில் எடுத்துக்கொள்ளும், தோற்றால் கட்டச் சொல்லி உத்தரவாகும். சட்டப் பணிகள் வழி இருக்கும்போது அதில் ஏன் போய் நிற்க வேண்டும்?

ஒரு எச்சரிக்கை. கொழுந்தனார் ஏதாவது பத்திரம் பதிந்துவிட்டால் அதை ரத்து செய்யக் கேட்கும் வழக்குக்கு, தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருஷம்தான். உள்ளே இருந்தேன் என்பது காலக்கெடுவை நிறுத்தாது, நம்மூர்க் காலவரையறைச் சட்டத்தில் மைனருக்கும் மனநலம் குன்றியவருக்கும்தான் அந்தச் சலுகை. உடனே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் இந்த விஷயத்தில் அமெரிக்காவைவிட இந்தியா மேல் என்று சொல்லலாமா? (கோவை, சட்டக் கல்லூரி மாணவர்)

பதில்: காகிதத்தில் மேல்தான். திகார் சிறையில் காவலர் ஒருவர் ஒரு கைதியைச் சித்திரவதை செய்ததைப் பற்றி, அங்கே தூக்குக்குக் காத்திருந்த சுனில் பத்ரா உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள், கிருஷ்ண ஐயர் தீர்ப்பெழுதினார். ஒரு தபால்தலைச் செலவில் வழக்கு. கோர்ட் விடுதலை செய்த பிறகும் பீகாரில் 14 வருஷம் சிறையிலேயே கிடந்த ருதுல் ஷாவுக்கு 1983-ல் ரிட் மனுவிலேயே 35 ஆயிரம் ரூபாய் வாங்கிக் கொடுத்தார்கள், மதிப்புக்கேற்ற கோர்ட் கட்டணம் எதுவும் இல்லாமல். ஆனால் ஒன்று கவனியுங்கள், 14 வருஷத்துக்கு 35 ஆயிரம். மேற்கொண்டு வேண்டுமானால் சிவில் கோர்ட்டில் போய்க் கேட்டுக்கொள் என்றும் சொன்னார்கள். இங்கே எத்தனை சிறைவாசிகள் சிறை நிர்வாகத்தின் மேல் நஷ்ட ஈட்டு வழக்குப் போடுகிறார்கள் என்று உங்கள் ஊர் மாவட்ட கோர்ட்டில் விசாரித்துப் பாருங்கள். அமெரிக்காவில் கட்டணம் வைத்துத் தடுக்க வேண்டிய அளவுக்கு வழக்கு வருகிறது, ஃபெடரல் கோர்ட்டே சிறைவாசிகளுக்கென்று படிவம் அச்சடித்து வைத்திருக்கிறது. இங்கே கட்டணமும் இல்லை, வழக்கும் அவ்வளவாக இல்லை. ஏன் என்பதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல தலைப்பு.

கேள்வி: மறுபடியும் எடிசனிலிருந்துதான், அதே கடிதத்தின் அடியில் எழுதியிருந்தேன். பணத்தை அவன் கணக்கில் போடாமல் கூட இருக்கும் வேறு பையன் கணக்கில் போட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அது சிறை விதிப்படி குற்றம், மாட்டினால் இருவருக்கும் தண்டனை. அதோடு, வசதியில்லை என்று சொன்னது பொய் என்று தெரிந்தால் கோர்ட் வழக்கையே தள்ளிவிட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது, 10 டாலரை மிச்சம் பிடிக்கப் போய் மருந்து வழக்கு போய்விடும். அவன் புத்தகம் கேட்டால் கடையிலிருந்தோ பதிப்பகத்திலிருந்தோ நேராக அனுப்பச் சொல்லுங்கள், பல சிறைகள் அப்படி வருவதைத்தான் ஏற்கும். அது கணக்கு வழியாகப் போகாது, அதில் யாரும் 20 சதவீதம் பிடிக்க முடியாது.